ஒரு நோய்க்கு எத்தனை வாசல்

மும்பையில் வடாலாவைச் சுற்றி நாலைந்து கிலோமீட்டருக்குள் வாழ்கிறவர்களுக்கு நோய் வந்தால் போய் நிற்க வேண்டிய வாசல்கள் வேறு வேறு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு நாட்கர்ணி பார்க்கில் இருக்கும் துறைமுக மருத்துவமனை. ஆன்டாப் ஹில் மத்திய அரசுக் குடியிருப்பில் இருப்பவருக்கு மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். அட்டை. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் கம்பெனித் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. தாராவித் தோல் பட்டறையில் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு சயான் மருத்துவமனையின் ஓ.பி. சீட்டும், ரேஷன் கார்டைக் காட்டிப் பெறும் மகாத்மா ஜோதிபா புலே ஜன் ஆரோக்ய யோஜனாவும். மாட்டுங்காவிலிருந்து நரிமன் பாயின்ட் அலுவலகத்துக்குப் போகிறவருக்குக் கம்பெனியின் குரூப் பாலிசி, அதற்கு மேல் சொந்தமாக ஒன்று, அதற்கும் மேல் ஒரு சூப்பர் டாப்-அப், கட்டிய பிரீமியத்துக்கு வருமான வரியில் கழிவு. புற்றுநோய் என்று வந்துவிட்டால் இவர்கள் அத்தனை பேரும் பரேலில் டாட்டா மெமோரியல் மருத்துவமனைக் கட்டடத்துக்குள் வந்து நிற்கக்கூடும். செல்கள் பெருகும் விதத்தில் இவர்களுக்குள் வித்தியாசம் கிடையாது. பணம் வரும் விதத்தில்தான் இத்தனை வித்தியாசம்.

இந்த வாசல்களில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை ஒருவர் ஒரே நோய்க்குச் சேர்த்துப் பயன்படுத்தலாமா என்பது ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி போலத் தோன்றும். அவர் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். அதற்கு அப்பால் ஓர் அறக் கேள்வி மிச்சம் இருக்கிறது. வரிச்சலுகை என்பது அரசு வசூலிக்காமல் விட்ட பணம், அதாவது ஊர்ப் பணம். அதை நாலு பக்கமிருந்தும் திரட்டிக்கொள்வது விவேகமா, பேராசையா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்ப்பதில் குற்றமில்லை; இழப்புக்கு மேல் வாங்காத வரை அது நோயாளியின் உரிமை. குற்றம் இருக்கும் இடம் வேறு. சேர்க்கிற வேலையை நோயாளியின் தலையில் கட்டிவிட்டு, அதற்கு வசதியும் விவரமும் உள்ளவனுக்கு வரியைக் குறைத்து, இல்லாதவனை அலையவிடுகிற ஏற்பாட்டில் அது இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவு, தனக்கும் மனைவி மக்களுக்கும் கட்டும் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 25,000 ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள விட்டது. பெற்றோருக்குத் தனியாக 25,000, அவர்கள் மூத்த குடிமக்கள் என்றால் 50,000. இப்போது கழிவுகளுக்கு இடம் தரும் பழைய முறையில் வரி கட்டும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் தங்களுக்கு 25,000, வயதான பெற்றோருக்கு 50,000 என்று மொத்தம் 75,000 ரூபாய் கட்டுகிறார்கள். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ்ஸோடு சேர்த்து 23,400 ரூபாய் வரி மிச்சம். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 15,600. வரி வரம்புக்கே வராத மூன்றாமவருக்குப் பூஜ்யம். பிரீமியம் ஒன்று, பெற்றோரின் வயது ஒன்று, ரத்த அழுத்தம் கூட ஒன்றாக இருக்கலாம். அரசு அதிகம் உதவி செய்தது அதிகம் சம்பாதிப்பவருக்கு. இன்னொரு சின்ன விதி: பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் கழிவு கிடையாது. கூலியைக் கையில் வாங்கிக் கையில் செலவழிக்கிறவர் இந்த வாசலுக்கு வரும் முன்பே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது.

‘அது என் பணம்தானே, நான் சம்பாதித்தது, அரசு எனக்கு என்ன தானமா கொடுத்தது?’ என்று 30 சதவீதக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி, ஆனால் இந்த இடத்தில் செல்லாது. சம்பாதித்ததெல்லாம் எனக்கே என்றால் வரியே கூடாது என்று வாதாட வேண்டும். மருத்துவக் கழிவு என்ற தனிச் சலுகைக்கு அந்த வாதம் துணைக்கு வராது. அதே 75,000 ரூபாயை அவர் சோபா வாங்கச் செலவழித்தால் ஒரு பைசாக் கழிவு இல்லை. அரசு ஒரு நோக்கத்தைச் சொல்லி, அந்த நோக்கத்துக்குச் செலவழித்தால் மட்டும் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. நிபந்தனையோடு விட்டுக்கொடுப்பதை மானியம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? வாங்குகிறவர் கையில் காசாக வந்து விழாததால் அது மானியமாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ரேஷன் கடை வரிசையில் நிற்பவரின் மானியம் தெருவுக்கே தெரிகிறது. ரிட்டர்ன் படிவத்துக்குள் இருக்கும் மானியம் வீட்டுக்காரருக்குக் கூடத் தெரிவதில்லை.

நோய்க்காக வரியை விட்டுக்கொடுப்பது நமக்குப் புதிதும் அல்ல. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் சோழ மன்னன் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வயலைக்காவூர் என்ற ஊரிலிருந்து வரும் வருமானம் கோயிலுக்கு விடப்பட்டு, எந்தச் செலவுக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று அதில் பிரித்து எழுதியிருக்கிறார்கள். பூஜை, திருவிழா, வேதம் படிப்பவர்களின் சாப்பாடு, அதோடு பதினைந்து படுக்கை கொண்ட ஓர் ஆதுலசாலை. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், நாவிதர், இரவு முழுக்க எரியும் விளக்குக்கு எண்ணெய், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் வரை உண்டு. அந்த மருத்துவமனையை இன்று பொற்காலக் கனவாகப் பாடுவதில் எனக்கு ஆர்வமில்லை. அது கோயிலில் வேலை செய்தவர்களுக்கும் அங்கு படித்தவர்களுக்குமான மருத்துவமனை, ஊரார் எல்லோருக்குமானது என்று சொல்ல ஆதாரமில்லை. நான் கவனிப்பது ஒன்றைத்தான். பல செலவுத் தலைப்புகளைக் கோர்த்து ஒரே கணக்காக்கும் வேலையை அங்கே கொடுப்பவன் செய்திருக்கிறான். காய்ச்சலோடு படுத்திருப்பவன் நெல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று சான்று காட்ட வேண்டியிருக்கவில்லை.

நவீனச் சட்டம் சேர்ப்பதைப் பற்றி என்ன நினைக்கிறது? அதன் அடியில் ஒரு பழைய நீதி இருக்கிறது: நோயால் ஒருவன் லாபம் பார்க்கக் கூடாது. மருத்துவமனை பில் நான்கு லட்சம், உங்களிடம் மூன்று லட்சத்துக்கு இரண்டு பாலிசிகள் என்றால் ஒன்றில் மூன்றும் மற்றதில் ஒன்றும் வாங்கலாம். ஆறு லட்சம் கேட்க முடியாது. குறிப்பிட்ட கடும் நோய்களுக்கான 80டிடிபி பிரிவும் இதையே சொன்னது. சிகிச்சைச் செலவில் 40,000 ரூபாய் வரை, மூத்த குடிமக்கள் என்றால் ஒரு லட்சம் வரை கழிவு உண்டு. ஆனால் காப்பீட்டிலோ முதலாளியிடமோ வந்த பணத்தை அதிலிருந்து குறைத்துவிட வேண்டும். 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 65ஆம் பிரிவு முழுக்க இதற்கென்றே இருந்தது: ஒரே காலத்துக்கு நோய்க்காலப் பணமும் பேறுகாலப் பணமும் சேர்ந்து கிடையாது. அமெரிக்காவில் 2003இல் சட்டமான மருத்துவச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர், கம்பெனி தரும் பொதுவான மருத்துவச் செலவுக் கணக்கையும் கூடவே வைத்துக்கொள்ள முடியாது. பல்லுக்கும் கண்ணுக்கும் மட்டுமேயான கணக்கு என்றால் வைத்துக்கொள்ளலாம். பல்லும் கண்ணும் உடம்பைச் சேர்ந்தவை இல்லை என்று அந்த ஊர் வரித்துறை எப்போது கண்டுபிடித்ததோ தெரியவில்லை. ஆனாலும் தடையின் நோக்கம் புரிகிறது. ஒரு செலவுக்கு இரண்டு முறை சலுகை கூடாது.

இந்த நீதியை நான் ஏற்கிறேன். ஈ.எஸ்.ஐ. விதியையும்தான், இழந்த கூலிக்கு ஈடு கொடுக்கும் பணத்தை ஒரே நாளுக்கு இரண்டு முறை கொடுக்க முடியாது. என் சங்கடம் அந்த நீதி எல்லோருக்கும் ஒரே கண்டிப்போடு பொருந்துவதில்லை என்பது. ‘கிரிட்டிக்கல் இல்னஸ்’ பாலிசி எடுத்தவருக்கு நோய் உறுதியானதும் மொத்தத் தொகை வந்துவிடுகிறது. பில் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை, இரண்டு கம்பெனிகளில் எடுத்திருந்தால் இரண்டிலும் வாங்கலாம். நாளுக்கு இவ்வளவு என்று தரும் ஹாஸ்பிடல் கேஷ் பாலிசியும் அப்படித்தான். இதற்குச் சொல்லப்படும் காரணம் வலுவானது: நோயின் இழப்பு பில்லோடு முடிவதில்லை. வேலை போகிறது, கூட இருப்பவரின் வேலையும் போகிறது, பத்தியச் சாப்பாடு, டாக்சி, வெளியே எழுதிக்கொடுக்கும் மருந்து. சரி, அப்படியானால் பட்டறைக் கூலிக்காரருக்கும் அதே இழப்புகள் உண்டல்லவா? அவருக்கான திட்டம் அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்கு வகுத்த தொகையை மருத்துவமனைக்குக் கொடுப்பதோடு நிற்கிறது. வேலைக்குப் போகாத ஆறு வாரத்துக்கு அங்கே கட்டமே கிடையாது. பணம் கட்ட முடிந்தவனுடைய இழப்பை அகலமாகவும் முடியாதவனுடையதைக் குறுக்கியும் அளந்துவிட்டு, இருவருக்கும் ஒரே உச்சவரம்பு என்று சொல்வது நீதி ஆகாது.

அதனால்தான் ஏழைகளும் சேர்க்கிறார்கள், அவர்கள் சேர்க்கும் விதம் வேறு. மருத்துவமனை எழுதிக்கொடுக்கும் எஸ்டிமேட் கடிதம்தான் அவர்களுடைய பாஸ்புக். அதை நாலைந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, ரேஷன் கார்டு, ஆதார், தஹசில்தார் தந்த வருமானச் சான்று ஆகியவற்றோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். முதலமைச்சர் நிவாரண நிதிக்கு ஒரு மனு, பிரதமர் நிதிக்கு ஒன்று, பார்சி அறக்கட்டளைகள், குஜராத்தி அறக்கட்டளைகள், பிரபாதேவியில் சித்திவிநாயகர் கோயில் அறக்கட்டளை. கிடைக்கும் காசோலை பெரும்பாலும் மருத்துவமனையின் பெயருக்கே எழுதப்படும். நோயாளி மேல் அவ்வளவு நம்பிக்கை. ஒவ்வொரு மேசையிலும் ‘வேறு எங்கே கேட்டீர்கள், எவ்வளவு கிடைத்தது?’ என்ற கேள்வி காத்திருக்கிறது. வசதியுள்ளவர் மார்ச் மாதத்தில் ஒரு மாலை உட்கார்ந்து செய்து முடிக்கும் வேலைக்கு வரித் திட்டமிடல் என்று கௌரவமான பெயர் இருக்கிறது. இவர்கள் வாரக்கணக்கில் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு செய்யும் அதே வேலைக்கு அப்படி எந்தப் பெயரும் இல்லை. அந்த அறக்கட்டளைகளுக்கு நன்கொடை கொடுத்தவரும் பல சமயம் 80ஜி பிரிவில் கழிவு வாங்கியவர்தான் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். கொடுத்தவருக்கும் பொதுப் பணம், வாங்கியவருக்கும் பொதுப் பணம். கூச்சம் மட்டும் வாங்கியவருக்கே.

இங்கே இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று சமயத்தின் மொழியில் வருவது. நோய் அவரவர் வினை. அதை அனுபவித்துக் கழிப்பதே முறை. பிறர் தலையிட்டால் கணக்கு தீராது. இன்று இதை யாரும் இத்தனை பச்சையாகச் சொல்வதில்லை. ‘அவரவர் உடம்பை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்’, ‘குடிக்கிறவனுக்கு நான் ஏன் வரி கட்டுவது’ என்று சொல்கிறார்கள். உள்ளே இருப்பது அதே சரக்கு. இதற்குப் பதில் தேட வேற்று ஊருக்குப் போக வேண்டாம். 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கிய இராமலிங்க அடிகள், ஜீவகாருண்ய ஒழுக்கம் பற்றி எழுதியபோது இந்தத் தடையைத் தானே எழுப்பிப் பதில் சொல்கிறார். பசியும் துன்பமும் முன்வினைக்குக் கடவுள் விதித்த தண்டனை என்றால், அதை நீக்குவது கடவுள் ஆணையை மீறுவதாகாதா? ஆகாது என்பது அவர் முடிவு. பெருங்குற்றம் செய்து சிறையில் கிடப்பவர்களுக்கும் அரசன் தன் சேவகர்களைக் கொண்டு சோறு போடுகிறான். குற்றம் செய்தவனுக்கு இரக்கமுள்ள ஒருவன் சோறு கொடுத்தாலும் அரசன் கோபிக்க மாட்டான். வினைக் கொள்கையை மறுக்காமலே அதன் கொடுக்கைப் பிடுங்கும் வாதம் இது. தண்டனைக்கு உரியவன் என்று முடிவானவனுக்கே பட்டினி விதிக்கப்படவில்லை என்றால், பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கு எந்தப் படிவத்தில் எந்தக் கேள்வியைக் கேட்பது? நோயில் ஒருவனுடைய பங்கு எவ்வளவு, விதியின் பங்கு எவ்வளவு, பட்டறையில் சுவாசித்த ரசாயன நெடியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கிற தராசு எந்த மதத்திடமும் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் இல்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. இதற்கு நான் பாதி இடம் கொடுக்கிறேன். பானையில் இருப்பது அளவானதுதான், ஒருவன் நாலு பானையிலும் கை விட்டால் பின்னால் நிற்பவனுக்கு இல்லாமல் போகும் என்பது அது. மும்பையில் இதற்குத் துல்லியமான உதாரணம் உண்டு. வரிவிலக்கும் வேறு சலுகைகளும் பெறும் அறக்கட்டளை மருத்துவமனைகள், பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவின்படி, படுக்கைகளில் 10 சதவீதத்தை வறியவர்களுக்கு இலவசமாகவும் இன்னொரு 10 சதவீதத்தை நலிந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். 2006இல் மும்பை உயர்நீதிமன்றம் வகுத்த திட்டப்படி மொத்த பில்லில் 2 சதவீதத்தை வறிய நோயாளிகள் நிதியில் போட வேண்டும். அந்த நிதிக்கு அடி உண்டு. இன்சூரன்ஸ் இருக்கிறவர் அதை மறைத்துவிட்டு அந்தப் படுக்கையில் படுத்தால் அது திருட்டு. பில்லுக்கு மேல் ஒரு பைசா வாங்காவிட்டாலும் திருட்டுதான். ஆகவே இழப்புக்கு மேல் வாங்காதே என்ற விதி மட்டும் போதாது. சேர்ப்பதில் வரிசைமுறை வேண்டும். நான் காசு கட்டி வாங்கிய உரிமையை முதலில் தீர்க்க வேண்டும். அடுத்து, எல்லோரும் சேர்ந்து கட்டிய பொதுத் திட்டம். போக இடமில்லாதவனுக்கென்று வைத்த நிதியைக் கடைசியாகத்தான் தொடலாம். சிங்கப்பூரில் இந்த வரிசையை அரசே கட்டி வைத்திருக்கிறது: 1984இல் மெடிசேவ் என்ற சொந்தச் சேமிப்பு, 1990இல் மெடிஷீல்டு என்ற காப்பீடு, 1993இல் அவை இரண்டும் போதாதவனுக்கு மெடிஃபண்டு. அந்த நாட்டு முறையில் தனிமனிதன் மேல் ஏற்றும் சுமை எனக்கு அதிகமாகவே படுகிறது. அதோடு, எந்தக் கணக்கிலிருந்து முதலில் எடுப்பது என்று ஐ.சி.யு. வாசலில் நின்று யோசிக்கும் பாவம் அங்குள்ள தமிழ்க் கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு இருக்காது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. வேலை அனுமதியில் போய் உழைக்கும் வெளிநாட்டவருக்கு இந்த மூன்றும் கிடையாது, முதலாளி எடுத்த பாலிசிதான். குடிமகனுக்குப் போட்ட படிக்கட்டு அது.

நம்முடைய சேர்க்கை விதிகளில் யார் குடும்பம் என்ற கேள்வியும் ஒளிந்திருக்கிறது. இதை யாரும் அறக் கேள்வியாகப் பார்ப்பதில்லை. 80டியில் பெற்றோர் தன்னைச் சார்ந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்களுக்குக் கட்டும் பிரீமியத்துக்குக் கழிவு உண்டு. மாமனார் மாமியாருக்குக் கிடையாது. செம்பூரில் இரண்டு அறை வீட்டில் மகளோடும் மருமகனோடும் இருக்கும் ஒரு தாய்க்கு மருமகன் பிரீமியம் கட்டினால் சட்டத்தின் பார்வையில் அது வேற்றாள் செலவு. மகளுக்குச் சொந்த வருமானம் இருந்து அவள் கட்டினால்தான் கழிவு. வேலைக்குப் போகாத பெண்ணின் பெற்றோர் இப்படி யாருடைய கணக்கிலும் சேராமல் போகிறார்கள். கல்யாணமாகாத அக்காவுக்கு 80டியில் இடமில்லை. அவளுக்கே கடும் நோய் வந்து, தம்பியையே சார்ந்திருந்தால் 80டிடிபியில் இடமுண்டு. காப்பாற்றுவதற்குச் சலுகை இல்லை, விழுந்த பிறகு தூக்குவதற்கு உண்டு. ஒப்புரவு என்பது பிறருக்குச் செய்வதை இப்படி ரத்த உறவின் அட்டவணை போட்டுப் பிரிப்பதல்ல. திருக்குறளில் ஒப்புரவறிதலுக்கும் ஈகைக்கும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு, இரண்டிலும் உறவுமுறைப் பட்டியல் கிடையாது.

இந்தச் சிக்கலெல்லாம் தானாகவே கழிந்து வருகிறது என்று ஒருவர் சொல்லலாம். 2020இல் வந்த புதிய வரி முறையில் 80டியும் 80டிடிபியும் கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து அதுவே பொது முறை. பிறகு 12 லட்சம் வரை வருமானமுள்ளவருக்கு அதில் வரியே இல்லை என்றானது. 2025 செப்டம்பரில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தின் மேலிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போய்விட்டது. வருமானத்துக்கேற்ப ஏறி இறங்கும் கழிவைவிட, பிரீமியம் கட்டும் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் வரியை விடுவது எனக்கு அறத்துக்குப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் பிரீமியமே கட்ட முடியாதவருக்கு இவை எதுவும் ஒரு வாசலையும் திறக்கவில்லை. அவருக்கு வாசல் திறந்த முடிவு வேறு. 2024 அக்டோபரில் எழுபது வயது கடந்த எல்லோருக்கும் ஆயுஷ்மான் பாரத் என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை விரித்தபோது, சி.ஜி.எச்.எஸ். போன்ற அரசுத் திட்டத்தில் இருப்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும், தனியார் பாலிசியோ ஈ.எஸ்.ஐ.யோ வைத்திருப்பவர் இதையும் சேர்த்துப் பெறலாம் என்று அரசே அறிவித்தது. எது எதோடு சேரும், எது சேராது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அந்தப் பிரிப்பில் எனக்கு உடன்பாடு இல்லாத இடங்கள் உண்டு, எதிலும் இல்லாதவருக்கும் பெரிய தனியார் பாலிசி வைத்திருப்பவருக்கும் ஒரே அளவு என்பது அதில் முதலாவது. இருந்தாலும் சேர்க்கும் பொறுப்பை அரசு தன் பக்கம் எடுத்துக்கொண்ட இடம் அது.

இப்படிச் சேர்க்கும் பொறுப்பை அரசே ஏற்று எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் மோசடி பெருகும் என்று அதிகாரிகள் அஞ்சுவார்கள். மோசடி பிரிந்து கிடக்கும் கணக்குகளில்தான் எளிது. நாலு மேசையில் நாலு ஜெராக்ஸ் காட்டுகிறவனை எந்த மேசையும் முழுதாகப் பார்ப்பதில்லை. பில் ஒன்றுதான், அது மருத்துவமனையிடம் இருக்கிறது. அங்கேயே வரிசைப்படி கழித்துக்கொண்டு வந்தால் இழப்புக்கு மேல் ஒரு ரூபாய் போக வழியில்லை. மகாராஷ்டிரத்தில் முதலமைச்சர் நிவாரண நிதியையும் அறக்கட்டளை மருத்துவமனை உதவியையும் ஒரே பிரிவின் கீழ் கொண்டுவந்திருக்கிறார்கள். புலே திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் ஆரோக்கியமித்ரா என்ற பெயரில் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். நோயாளியின் ரேஷன் கார்டை வாங்கிப் பதிவு செய்வது அவர் வேலை. ஈ.எஸ்.ஐ., வறிய நோயாளிகள் நிதி, நிவாரண நிதி, அறக்கட்டளை மனுக்கள் ஆகியவற்றையும் அந்த மேசைக்கே கொடுத்துவிட்டு, அங்கே இன்னும் இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைக்கலாம். திருமுக்கூடலில் விளக்குக்கான எண்ணெய்க்கும் விறகு கொண்டுவரும் ஆட்களுக்கும் தனித்தனியே குறித்து வைத்த அளவுக்காவது அது செலவு பிடிக்கும்.